பேச்சு தாமதமா? முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு 2 வயது 3 மாதம். 15 மாதத்தில் நடந்துவிட்டான். 'அம்மா', 'தா' தவிர வேறு பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் மிக்சி ஓடினால் காதைப் பொத்துகிறான். "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். வசம்பும் உரசித் தடவியாயிற்று. எங்கே காட்டுவது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மூன்று வயது வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2 வயதில் 'தண்ணி தா', 'அப்பா வா' என்று இரண்டு சொல்லாவது சேர வேண்டும். வசம்பு பேச்சைக் கொண்டுவராது. 'நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிடலாம்' என்று யாராவது சொன்னால் அதற்கும் அவசரப்பட வேண்டாம். நாக்கு ஒட்டினால் சில எழுத்துகள் குழறலாம், பேச்சே வராமல் போகாது.

மிக்சிக்குக் காதைப் பொத்துவதால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரிய இரைச்சல் கேட்கும் குழந்தைக்கு 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அதனால் ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனைதான் முதல் படி. குழந்தை அசையாமல் தூங்கினால்தான் அது நடக்கும். பலருக்குத் தேதி வீணாவது இங்கேதான்: பஸ்ஸில் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கிவிட்டு, பரிசோதனை அறையில் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்து, விடியற்காலையில் எழுப்பி, வழியெல்லாம் விளையாட்டுக் காட்டி விழிக்க வையுங்கள். தூக்க மருந்து கொடுப்பார்களென்றால் எத்தனை மணி நேரம் பால், சோறு கூடாது என்று முன்பே கேளுங்கள். வலிப்பு வந்திருந்தால் மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு தவறாகக் காட்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் சீட்டு போட்டு, டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் இடம் அது. முழுப் பெயர் மாவட்ட இடையீட்டு சேவை மையம், ஆனால் டி.இ.ஐ.சி. என்றால்தான் சட்டென்று வழி காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு (எடை, பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு லைட் வைத்தார்களா), தடுப்பூசி அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். புது இடத்தில் குழந்தை மிரண்டு ஒட்டிக்கொள்வான். அதனால் வீட்டில் அவன் தனியே விளையாடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்பது, எல்லாவற்றையும் இரண்டு நிமிட வீடியோவாகப் போனில் எடுத்து வையுங்கள். பத்துப் பக்க ரிப்போர்ட்டை விட அது உதவும்.

காது சரியென்றால் அடுத்து ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைக் காட்டும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. விளையாடவிட்டுப் பார்த்து, உங்களிடம் விசாரித்துத்தான் சொல்ல முடியும். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். தைராய்டு ரத்தப் பரிசோதனை ஆட்டிசத்துக்கு இல்லை; தைராய்டு குறைந்தாலும் வளர்ச்சி தாமதமாகலாம் என்பதால் அதைச் செய்துகொள்ளுங்கள். வலிப்பு, தலை அளவில் வித்தியாசம், கை கால் இறுக்கம் இல்லாத குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் வீண் செலவு. நோயின் பெயர் தெரியட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். குழந்தை போன் பார்த்துக்கொண்டே இருக்காதபடி, அதை இன்றே அவன் கண்ணில் படாமல் ஒளித்து வையுங்கள்.

கேள்வி: மகள் 32 வாரத்தில் பிறந்தாள். இப்போது 10 மாதம், பிடிக்காமல் உட்காரவில்லை.
– வாசகர், நாங்குநேரி

பதில்: 40 வாரத்துக்கு 8 வாரம் முன்பே பிறந்திருக்கிறாள்; அந்த 8 வாரத்தை வயதிலிருந்து குறைத்துக் கணக்கிட்டால் அவளுக்கு 8 மாதம்தான். 9 மாதம் வரை பொறுக்கலாம். ஆனால் தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டாலோ, கை எப்போதும் மூடியே இருந்தாலோ, ஒரு கையை மட்டுமே நீட்டினாலோ நாள் எண்ண வேண்டாம், இந்த வாரமே டி.இ.ஐ.சி.க்குப் போய்விடுங்கள்.