இணையத்தில் மட்டும் பார்க்கும் வீட்டுக்கும் தொலைக்காட்சி உரிமம் வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹரோ பகுதியில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். வீட்டில் ஆன்டெனாவும் இல்லை, டிஷ்ஷும் இல்லை. ஸ்மார்ட் டிவியில் நெட்ஃபிளிக்ஸ், சன் நெக்ஸ்ட், யூடியூப் மட்டுமே பார்க்கிறோம். எங்களுடன் நிரந்தரமாக வசிக்கும் என் மாமனாருக்கு வயது 78. தினமும் காலையில் தமிழ்ச் செய்தி அலைவரிசை ஒன்றை யூடியூபில் நேரலையாகப் பார்ப்பார். மகன் லீட்ஸில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறான். உரிமம் இல்லை என்று எச்சரிக்கும் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. “பிபிசியையே பார்க்காத நமக்கு எதற்கு லைசென்ஸ்?” என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?

பதில்: தொலைக்காட்சி உரிமம் என்பது பிரிட்டனில் டிவி பார்க்கும் வீடுகள் ஆண்டுதோறும் கட்டும் கட்டணம்; பிபிசி நடப்பது பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். கணவர் சொல்வதில் பாதி சரி, ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை விடையைத் தீர்மானிப்பது மற்றப் பாதிதான். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதா என்பதோ, பிபிசி பார்க்கிறீர்களா என்பதோ மட்டும் இங்கே கேள்வி அல்ல. பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டமும் அதன் கீழ் 2004இல் வந்த விதிகளும் கேட்பவை வேறு இரண்டு கேள்விகள். ஏதேனும் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையின் நிகழ்ச்சியை, அது ஒளிபரப்பாகும் அதே நேரத்திலோ ஏறத்தாழ அதே நேரத்திலோ நீங்கள் பார்க்கிறீர்களா, பதிவு செய்கிறீர்களா என்பது ஒன்று. பிபிசியின் இணையக் காணொளிச் சேவையான ஐபிளேயரில் எதையாவது பார்க்கிறீர்களா, தரவிறக்கம் செய்கிறீர்களா என்பது மற்றொன்று. இரண்டில் எதற்கேனும் ‘ஆம்’ என்றால் உரிமம் வேண்டும். பார்க்கும் கருவி பெட்டியா, கைப்பேசியா, மடிக்கணினியா என்பதால் எதுவும் மாறாது.

இரண்டாவது கேள்வி 2016 செப்டம்பர் 1 முதல்தான் சட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சிகளை உரிமமின்றிப் பார்க்க முடிந்தது. அந்த நாள்களின் நினைவில்தான் இன்றும் பலர் “இணையத்தில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெல்ஷ் மொழி அலைவரிசையான எஸ்4சியின் நிகழ்ச்சிகளைப் பின்னர் விருப்பப்பட்ட நேரத்தில் பார்ப்பது மட்டும் இதில் விதிவிலக்கு. பிபிசி சவுண்ட்ஸ் செயலியில் வானொலி கேட்கவும், பிபிசி தமிழின் காணொளித் துணுக்குகளை யூடியூபில் பார்க்கவும் உரிமம் தேவையில்லை. வானொலிக்கான தனி உரிமம் 1971லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸிலும் சன் நெக்ஸ்டிலும் உங்களுக்குத் தோதான நேரத்தில் படமோ தொடரோ பார்ப்பதற்கு உரிமம் வேண்டாம். ஐடிவிஎக்ஸ், சேனல் 4 செயலிகளில் முடிந்துபோன நிகழ்ச்சிகளைப் பார்ப்பதற்கும் வேண்டாம். ஆனால் அதே சன் நெக்ஸ்டில் ‘லைவ் டிவி’ பகுதிக்குள் போய் சன் டிவியில் அந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் தொடரைப் பார்த்தால், அது நேரலை. நெட்ஃபிளிக்ஸோ அமேசானோ ஒரு விளையாட்டுப் போட்டியை நேரலையாகக் காட்டும்போதும் அப்படியே. ஒரு மணி நேரம் தள்ளி ஒளிபரப்பாகும் ‘பிளஸ் ஒன்’ அலைவரிசைகளும் நேரலைக் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சிக்கல் உங்கள் மாமனாரின் காலைச் செய்தியில் இருக்கிறது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் அலைவரிசைக்குப் பிரிட்டனின் உரிமம் எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒளிபரப்பு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. பார்க்கும் வீடு எங்கே இருக்கிறது என்பதையே பார்க்கிறது. தொலைக்காட்சியில் ஓடும் செய்தியையே அந்த நிறுவனம் யூடியூபிலும் அதே நேரத்தில் தருகிறது. ஆகவே அதைப் பார்ப்பது தொலைக்காட்சியை நேரலையாகப் பார்ப்பதே. செயலியின் பெயர் யூடியூப் என்பதால் விலக்குக் கிடைத்துவிடாது.

யூடியூபில் ‘லைவ்’ என்று வருவதெல்லாம் இப்படியல்ல. ஊர்க் கோயில் தேரோட்டத்தைக் கோயில் நிர்வாகமே தன் யூடியூப் பக்கத்தில் நேரடியாகக் காட்டுகிறது, உறவினர் வீட்டுத் திருமணத்தைப் படப்பிடிப்பாளர் நேரடியாக அனுப்புகிறார் என்றால், அவை தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அல்ல, உரிமமும் வேண்டாம். அதே தேரோட்டத்தை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்ப, அந்த ஒளிபரப்பை நீங்கள் பார்த்தால் கதை வேறு. இந்த வேறுபாடு நடைமுறையில் சற்று விசித்திரமாகத் தெரியும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1946இல் 2 பவுண்ட் கட்டணத்தில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டை இணையத்தின் மேல் ஒட்டவைத்ததன் விளைவு இது.

ஆகவே உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, உரிமம் எடுத்துவிடுவது. ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டாக உயர்ந்தது. ஏப்ரல்தோறும் மாறக்கூடியது என்பதால் கட்டும் முன் நடப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஓர் உரிமம் போதும்; பெட்டி எத்தனை, ஆள் எத்தனை என்ற கணக்கு இல்லை. ஆனால் ஒரே வீட்டில் தனித்தனி வாடகை ஒப்பந்தத்தில் அறை எடுத்திருப்பவர்கள் தனித்தனியே எடுக்க வேண்டும்.

இங்கே மாமனாரின் வயது உங்களுக்குக் கைகொடுக்கலாம். 75 வயதைக் கடந்த அனைவருக்கும் இருந்த இலவச உரிமம் 2020 ஆகஸ்ட் 1 முதல் நின்றுவிட்டது. இப்போது 75 வயதாகி, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் ‘பென்ஷன் கிரெடிட்’ உதவித்தொகையைத் தாமோ உடன் வாழும் துணைவரோ பெறுபவர்களுக்கு மட்டுமே அது உண்டு. உங்கள் மாமனார் அதைப் பெறுபவரானால், அவர் பெயரில் எடுக்கும் இலவச உரிமமே அந்த வீட்டில் உள்ள அனைவருக்கும் செல்லும். பெறாதவரானால், அவருடைய வருமானமும் குடியேற்ற நிலையும் அதற்கு இடம்தருகின்றனவா என்று விசாரித்துப் பாருங்கள். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத முதியவர்கள் நம்மிடையே அதிகம். கடுமையான பார்வைக் குறைபாடு உடையவராகப் பதிவு பெற்றவர் வீட்டில் இருந்தால் பாதிக் கட்டணம்தான்.

இரண்டாவது வழி, நேரலையை விட்டுவிடுவது. செய்தி ஒளிபரப்பு முடிந்தபின் அதே நிறுவனம் யூடியூபில் ஏற்றிவைக்கும் தொகுப்பைப் பார்த்தால் உரிமம் வேண்டாம். அப்படியானால் ‘உரிமம் தேவையில்லை’ என்ற அறிவிப்பை உரிம நிர்வாகத்தின் இணையதளத்தில் பதியலாம். கடிதங்கள் நிற்கும், சில ஆண்டுகள் கழித்து மறுபடி உறுதி செய்யக் கேட்பார்கள். ஆனால் 78 வயதுக்காரரின் காலைச் செய்தியை நிறுத்திவைக்க உங்களால் இயலுமா என்பதை நேர்மையாக யோசித்துவிட்டுப் பதியுங்கள். அறிவிப்பைக் கொடுத்துவிட்டு நேரலை பார்ப்பது ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட மோசம்.

மகனின் நிலை தனி. உங்கள் வீட்டுக்கு உரிமம் இருந்தால், விடுதியில் அவன் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ, அது தன் பேட்டரியிலேயே இயங்கும்போது மட்டும், அந்த உரிமத்தின் நிழலில் பார்க்கலாம். சார்ஜரைச் செருகிக்கொண்டு பார்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அறையில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்து நேரலை பார்ப்பதற்கும் அது செல்லாது. உங்களிடமே உரிமம் இல்லையென்றால் அவன் ஐபிளேயரைத் தொடவே தனி உரிமம் வேண்டும்.

உரிமமின்றிப் பார்த்தது நிரூபணமானால் இங்கிலாந்தில் 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கப்படலாம். நீதிமன்ற ஆணையின்றி வரும் விசாரணை அலுவலரை வீட்டுக்குள் விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இந்த வழக்குகளில் தண்டிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கதவு தட்டப்படும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள் என்பது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே யார் பார்க்கிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நம்மவர்களிடையே புழங்கும், எல்லா அலைவரிசைகளையும் சொற்பக் காசுக்குத் தரும் ‘ஐபிடிவி பெட்டி’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதில் நேரலை பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்; அதே சமயம், உரிமம் இருப்பதால் திருட்டு ஒளிபரப்பு சட்டபூர்வம் ஆகிவிடாது.

கடைசியாக, பணம் கட்டும்போது மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்பைச் சொடுக்காதீர்கள். “உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டது” என்று வங்கி விவரம் கேட்கும் மோசடிகள் ஏராளம். அதிகாரபூர்வ இணையதளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.