நிலநடுக்கமும் நியூரல் நெட்வொர்க்கும்: கேள்வி பதில்

கேள்வி: சார், "நாளைக்கு மேக்னிட்யூட் (வலிமை அளவு) 6-க்கு மேல் நிலநடுக்கம் வருமா" என்று கணிக்க ஒரு நியூரல் நெட்வொர்க் (பழைய தரவிலிருந்து தானே கற்கும் நிரல்) மாடல் செய்தேன். 99% துல்லியம் வருகிறது. கட்டுரையாக அனுப்பலாமா?

பதில்: பொறுங்கள். ஒரு பகுதியில் அவ்வளவு பெரிய நடுக்கம் வருவதே அபூர்வம். தினமும் "வராது" என்று மட்டும் சொல்லும் ஒருவரி நிரலும் அதே 99% வாங்கிவிடும். வந்ததில் எத்தனையைப் பிடித்தது, எத்தனை முறை வீணாக அலாரம் அடித்தது என்று தனித்தனியாக எண்ணுங்கள். தரவைக் குலுக்கிப் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரித்தீர்களா? அப்படியானால் ஒரே நடுக்கத்தின் பின்னதிர்வுகள் பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. ஒரு தேதியை வைத்து முன், பின் என்று வெட்டுங்கள்.

கேள்வி: நெட்வொர்க்கில் அடுக்குகளைக் கூட்டி இன்னும் ஆழமாக்கினால் தேறுமா அண்ணா?

பதில்: 2018-ல் நேச்சர் இதழில், பின்னதிர்வுகள் எங்கே வரும் என்று கணிக்கும் நெட்வொர்க் ஒன்று வந்தது. 13,451 அளவுருக்கள் (பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்கள்). மறு ஆண்டே அதே இதழில் மினியான், ப்ரொக்கார்டோ என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டே அளவுருக்கள் கொண்ட ஒற்றை நியூரானை (நெட்வொர்க்கின் ஒரே ஒரு கணக்கிடும் அலகை) வைத்து ஏறக்குறைய அதே மதிப்பெண்ணை எடுத்துக் காட்டினார்கள். இத்தனைக்கும் அது "எங்கே" மட்டும்தான். "எப்போது" என்பதை அது தொடவே இல்லை.

கேள்வி: ஆய்வகத்தில் நேரத்தையே சொல்லிவிட்டார்களாமே?

பதில்: ஆம், 2017-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகக் குழு. அழுத்தத்தில் உரசும் பொருளின் ஒலியைக் கேட்டு, அடுத்த வழுக்கல் எப்போது என்று கணித்தார்கள். அதுவும் நெட்வொர்க் இல்லை, ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் விடைகளைச் சேர்த்துக் கணிக்கும் முறை). அங்கே வழுக்கல் திரும்பத் திரும்ப நடக்கிறது, கருவியும் பக்கத்திலேயே இருக்கிறது. நடுக்கம் பிறக்கும் நிஜப் பிளவு பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பெரிய நடுக்கத்துக்கு நூற்றாண்டுகூட ஆகலாம். கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993-க்குள் வரும் என்று கருவிகளைக் குவித்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004-ல், தெளிவான முன்னறிகுறி எதுவும் இல்லாமல்.

கேள்வி: ஐயா, சீனாவில் 1975-லேயே சொல்லி மக்களை வெளியேற்றினார்களே?

பதில்: ஹைசெங். அங்கே முன்னதிர்வுகள் வரிசையாக வந்தன. மறு வருடம் டாங்ஷானில் அப்படி எதுவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அரசுக் கணக்கிலேயே 2,40,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கேள்வி: அப்புறம் எதற்குத்தான் உதவும்?

பதில்: நடந்ததைக் கண்டுபிடிக்க. ஃபேஸ்நெட், ஈக்யூடிரான்ஸ்ஃபார்மர் போன்ற நெட்வொர்க்குகள் இரைச்சலுக்குள் புதைந்த குட்டி அதிர்வுகளையும் தோண்டி எடுக்கின்றன. அதுபோலவே முன்னெச்சரிக்கைக்கும் கைகொடுக்கும். முதலில் வந்து சேரும் பி அலை நொடிக்கு சுமார் 6 கி.மீ., பின்னால் வந்து பலமாகக் குலுக்கும் எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. 100 கி.மீ. தள்ளியிருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே 12 நொடி. பி அலையை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் காண்கிறோமோ அவ்வளவு மிச்சம். நடுக்கம் தொடங்கிய பிறகுதான் இதெல்லாம். கணிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.