நாலு வருட ஃப்ரீலான்ஸ் வேலையை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?

நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமை முழுதாகப் படித்தேன். பி.காம். முடித்த பிறகு நான்கு வருடத்தில் வீடியோ எடிட்டிங், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு, இரண்டு கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு, மாலையில் டியூஷன் என்று பதினான்கு வேலைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். "இப்படி மாத்தி மாத்திப் பார்த்தா எங்கேயும் நிலையா நிக்கமாட்டான்னு நினைப்பாங்களே" என்று அப்பா கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கவலை நியாயமானதுதான், இப்போது இருக்கிற நிலையில் அதைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் செய்த வேலை எல்லாமே நல்ல வேலை, அதை நம்பி விண்ணப்பிக்கலாம்.

முதலில், மூன்று மாதம் இங்கே, ஐந்து மாதம் அங்கே என்று தனித்தனி வேலையாகப் போடுவதை விடுங்கள். "வீடியோ எடிட்டர், சுயதொழில், 2021 ஜூன் முதல் இன்றுவரை" என்று ஒரே தலைப்பு போதும், வாடிக்கையாளர்களுக்குச் செய்ததெல்லாம் அதற்குக் கீழே வரட்டும். நான்கு வருடமும் இடைவெளி இல்லாமல் ஒன்றாக நிற்கும், அதில் பொய்யும் இல்லை. வெறும் ஃப்ரீலான்சர் என்று மட்டும் போட்டால் நௌக்ரி போன்ற வேலைவாய்ப்பு தளத்தில் ஆள் தேடுகிறவர்கள் கண்ணில் படமாட்டீர்கள், ஏனென்றால் அவர்கள் தேடுவது வீடியோ எடிட்டர், அக்கவுன்டன்ட் போன்ற பதவிப் பெயர்களை. நிறுவனர், சிஇஓ என்றெல்லாம் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், தனியாளாகச் செய்த வேலைக்கு அது பொருந்தாது.

அடுத்து, எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதற்குத் தகுந்த மாதிரி ரெஸ்யூம் மாற வேண்டும். எடிட்டர் வேலைக்கு ஒன்று, கணக்கு வேலைக்கு ஒன்று என்று இரண்டு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டர் ரெஸ்யூமில் டேலிக்கு ஒரு வரி போதும், டியூஷனை எடுத்தே விடலாம். ஆனால் கல்வி நிறுவனம் ஒன்றின் வீடியோ பிரிவுக்குப் போகிறீர்கள் என்றால் அதே டியூஷன் மேலே வர வேண்டும், பாடம் நடத்தத் தெரிந்த எடிட்டர் அவர்களுக்கு எளிதில் கிடைக்கமாட்டார்.

இப்போது வரிகளுக்கு வருவோம், நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். "பல நிறுவனங்களுக்கு வீடியோ எடிட்டிங் செய்துள்ளேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தால் எதுவும் தெரியவில்லை. அதே ரெஸ்யூமில் கீழே நீங்களே சொன்ன விவரங்களை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்: "நீட் பயிற்சி மையம் ஒன்றின் யூடியூப் சேனலுக்கு வாரம் மூன்று பாட வீடியோக்கள், பிரீமியர் ப்ரோவில் எடிட்டிங், தமிழ் சப்டைட்டிலுடன், 2022 ஜூலை முதல் 2024 மார்ச் வரை." ஒரே வாடிக்கையாளர் ஒன்றரை வருடத்துக்கு மேல் உங்களையே வைத்துக்கொண்டார் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது, அப்பாவின் கேள்விக்கும் அதுதான் பதில். இந்த மாதிரி நான்கைந்து வேலைகளைப் பொறுக்கி எடுத்தால் போதும், மற்றவை வேண்டாம். பெயர் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் "சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேன்வா என்ற டிசைன் தளத்தில், பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துச் செய்த டிசைன் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்களில் மென்பொருள்தான் முதலில் ரெஸ்யூமைப் பிரித்துப் படிக்கிறது, பத்திகளும் படங்களும் அதில் குழம்பிப்போகலாம். பக்கத்தை இப்படிப் பிரிக்க வேண்டாம், மேலிருந்து கீழாகச் சாதாரண எழுத்து போதும். அப்பா பெயர், திருமண நிலை, கடைசியில் உறுதிமொழி, இதெல்லாம் தனியார் வேலைக்குத் தேவையில்லை.

ரிலீவிங் லெட்டரும் சம்பளச் சீட்டும் இல்லாமல், பழைய வேலையைச் சரிபார்க்கிற வெரிஃபிகேஷனில் என்ன காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். இன்வாய்ஸ், பணம் வந்த வங்கி ஸ்டேட்மென்ட், தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு இவற்றைக் காட்டலாம். தொழில்முறைக் கட்டணம் என்று ஒரு நிதியாண்டில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த நிறுவனங்கள் 10 சதவீதம் வரி பிடித்திருக்க வேண்டும் (2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 50,000). பிடித்துச் செலுத்தியிருந்தால் கொடுத்தவர் பெயரோடு, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டுகிற வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகியிருக்கும், அதை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகப் பணம் கொடுத்த அந்த இரண்டு கடைக்காரர்களிடமும் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ன வேலை பார்த்தீர்கள் என்று லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள். ஆதாரம் காட்ட முடியாத எதையும் ரெஸ்யூமில் வைக்காதீர்கள்.

அப்புறம், இன்டர்வியூவில் "இத்தனை நாள் சொந்தமா பண்ணிட்டு இப்ப ஏன் வேலைக்கு வர்றீங்க?" என்று பெரும்பாலும் கேட்பார்கள். ஒரு குழுவோடு சேர்ந்து பெரிய வேலைகள் செய்ய ஆசை என்று நீங்கள் என்னிடம் சொன்னதையே அங்கேயும் சொல்லுங்கள். மாதா மாதம் வருமானம் சீராக வரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை, அதையே முதல் காரணமாகவும் சொல்ல வேண்டாம். இப்போது கையில் இருக்கிற வாடிக்கையாளர்களைப் பற்றி மட்டும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வெளி வேலை செய்யக்கூடாது என்று பல நிறுவனங்கள் நியமனக் கடிதத்திலேயே போடுகின்றன, அனுமதி கிடைத்தால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.