பொங்கும் பசைக்கு எவ்வளவு தண்ணீர்?

மரம் ஒட்டும் பாலியூரித்தேன் பசை இறுக ஈரம் வேண்டும்; அதற்கு ட்ராப்பரால் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ராப்பரை விட்டுவிட்டு யு-100 இன்சுலின் சிரிஞ்ச் வாங்குங்கள். அதில் ஒரு யூனிட் 0.01 மி.லி.; ட்ராப்பர் சொட்டு சுமார் 0.05. ஊசி முனையில் துளி தொங்கும், தானாக விழாது. மரத்தில் லேசாகத் தொட்டால் இறங்கிவிடும்.

மேலே நுரை கட்டி, உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கிறது என்கிறீர்கள். தண்ணீர் பசையின் மேலேயே நின்றதுதான் காரணமாக இருக்கும். பாலியூரித்தேன் பசை ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும்; நுரை அதுதான். மேலே தோல் கட்டிவிட்டால் அப்புறம் ஈரம் உள்ளே போவது கஷ்டம். எனவே தண்ணீரைப் பசையில் விடாமல், பசை பூசாத எதிர்ப்பக்க மரத்தில் தடவுங்கள்.

சோதித்துப் பார்க்க இரண்டு ஜோடி வேண்டாத கட்டைகள் போதும். ஒரு ஜோடிக்கு இரண்டு யூனிட் தண்ணீர், இன்னொன்றுக்கு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. 24 மணி நேரம் கழித்துப் பிளந்து பாருங்கள். துணியே போதும் என்பது என் கணிப்பு. (சிரிஞ்ச் வாங்கச் சொன்னதும் நான்தான், சரி!)

நுரைக்கு வலு கிடையாது, இடைவெளியை அடைக்க அதை நம்ப வேண்டாம். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையுறையும் வேண்டும், தோலில் காய்ந்தால் நாள்கணக்கில் போகாது.