பொங்கல் பதிவு போகிக்குப் போனது ஏன்?

கணினிக் கேள்வி–பதில்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக டே ஒன் செயலியில் எழுதிய நாட்குறிப்பை ஜேசன் என்ற தரவுக் கோப்பாக இறக்கி அப்சிடியன் என்ற குறிப்புச் செயலிக்கு மாற்றினேன். விடியற்காலையில் எழுதியவை எல்லாம் முதல் நாள் தேதியில் உட்கார்ந்திருக்கின்றன. படங்களும் வரவில்லை. என்ன தவறு?
*– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு*

பதில்: உங்கள் தவறு இல்லை, மாற்றித் தந்த நிரலின் தவறு. டே ஒன் ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கிறது. நம் மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னே ஓடுகிறது. 2017 பொங்கலன்று, சனவரி 14 காலை 6.15க்கு நீங்கள் எழுதியது கோப்புக்குள் 2017-01-13, 22:15 என்றுதான் இருக்கும். நிரல் அதை அப்படியே தேதியாக எடுத்துக்கொண்டால் பொங்கல் பதிவு போகியில் போய் விழும். காலை 8 மணிக்கு முன் எழுதிய அத்தனைக்கும் இதே கதி. அதற்குப் பின் எழுதியவற்றில் நாள் சரியாக இருக்கும், மணி மட்டும் தவறும். அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

எல்லாவற்றோடும் 8 மணி நேரத்தைக் கூட்டிவிடலாம் என்று இறங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் 'டைம்சோன்' என்று தனியாக ஒரு புலம் இருக்கிறது. இங்கே எழுதியதில் கோலாலம்பூர் என்றும், சென்னைக்குப் போனபோது எழுதியதில் கொல்கத்தா என்றும் இருக்கும் (இந்திய நேரத்துக்குக் கணினியில் அந்தப் பெயர்தான்). கொல்கத்தா என்றால் கூட்ட வேண்டியது ஐந்தரை மணிதான். அந்தப் புலத்தைப் படித்து நேரத்தை மாற்றும் நிரலைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு செய்யும் முறை எளிது: வெளிநாட்டில் விடியலில் எழுதிய ஒரே ஒரு பதிவை மாற்றிப் பாருங்கள். அது சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

இதில் ஓர் உள்ளூர் வேடிக்கையும் உண்டு. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 சனவரி 1இல்தான் எட்டு மணிக்கு மாறியது. அதற்கு முன் ஏழரை. அப்பாவின் 1975 நாட்குறிப்பை யாராவது தட்டச்சு செய்து, பழைய தேதியிட்டு, நேரத்தை நள்ளிரவு 12 என்று வைத்திருந்தால், ஒரு நிரல் எட்டு மணிக் கணக்கில் சேமிக்கும், மற்றொன்று ஏழரை மணிக் கணக்கில் படிக்கும். அரை மணி பின்னே நகர்ந்து பதிவு முதல் நாள் இரவு 11.30க்குப் போய்விடும். பழைய பதிவுகளுக்கு நண்பகல் 12 என்று நேரம் வையுங்கள், எந்தக் கணக்கிலும் நாள் நகராது.

படங்களுக்கு வருவோம். பதிவின் உரைக்குள் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அடையாளக் குறி மட்டுமே இருக்கும். 'போட்டோஸ்' உறையில் உள்ள கோப்புக்கோ வேறு பெயர், எம்டி5 எனப்படும் 32 எழுத்துச் சரம். இரண்டையும் இணைக்கும் பட்டியல் அதே ஜேசனில் அந்தந்தப் பதிவின் கீழ் இருக்கிறது. உரையை மட்டும் பிரித்தெடுத்து ஜேசனைத் தூக்கிப் போட்டால், எந்தப் படம் எந்த நாளுக்குரியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜேசனும் படங்களும் சேர்ந்து இறங்கிய ஜிப் கோப்பைத் தொடாமல் அப்படியே ஒரு பிரதி வைத்திருங்கள்.

கேள்வி: எவர்நோட் குறிப்புச் செயலியில் இருந்து அப்சிடியனுக்கு மாற வேண்டும். 1,400 குறிப்புகள், ஆறு குறிப்பேடுகள். சிலவற்றைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியும் வைத்திருக்கிறேன்.
*– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்*

பதில்: முதலில் பூட்டைக் கவனியுங்கள். குறிப்புக்குள் பூட்டிய பத்திகள் ஏற்றுமதியிலும் பூட்டியபடியே வெளிவரும். புதிய செயலியில் அது வெறும் எழுத்துக் குப்பை. எவர்நோட்டிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து, பூட்டை நிரந்தரமாக நீக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்த வேலைக்குக் குறுக்குவழி கிடையாது.

ஏற்றுமதியைக் கைப்பேசியில் செய்ய முடியாது, கணினிச் செயலியைத் திறங்கள். குறிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்தால் ஒரு தடவைக்கு 100தான். குறிப்பேட்டையே ஏற்றுமதி செய்தால் அந்த வரம்பு இல்லை. எனவே ஆறு குறிப்பேடு, ஆறு ஈநெக்ஸ் (எவர்நோட்டின் ஏற்றுமதி வடிவம்) கோப்பு. குறிப்பேட்டின் பெயர் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. அதனால் கோப்புக்கே அந்தப் பெயரை வைத்துச் சேமியுங்கள். இலவசக் கணக்கு 2023 டிசம்பரிலிருந்து 50 குறிப்புகளாகச் சுருங்கிவிட்டது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே உள்ளவற்றை ஏற்றுமதி செய்ய அது தடையில்லை.

அப்சிடியனில் 'இம்போர்ட்டர்' செருகுநிரலை நிறுவி, வடிவம் எவர்நோட் என்று தேர்ந்தெடுத்து, ஈநெக்ஸ் கோப்புகளைக் கொடுங்கள். முதலில் ஆகச் சிறிய குறிப்பேட்டை, ஒரு வெற்றுப் பெட்டகத்தில் (அப்சிடியன் குறிப்புகளை வைக்கும் உறை). நாட்குறிப்புக்குப் பலரும் தலைப்பு வைப்பதில்லை. அப்படிப்பட்டவை 'அன்டைட்டில்டு' என்ற ஒரே பெயரில், வால் எண்களோடு வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு 2017-01-14 என்ற வடிவில் தேதியையே பெயராக வையுங்கள். கோப்பு உருவான நாளை நம்பாதீர்கள். வேறு கணினிக்கோ விரலிக்கோ படியெடுத்தால் அது படியெடுத்த நாளாக மாறிவிடக்கூடும்.

கேள்வி: 2001 முதல் 2005 வரை வேர்டில் இணைமதி எழுத்துருவில் எழுதிய நாட்குறிப்பு இப்போது கிறுக்கல் குறிகளாகத் தெரிகிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்*

பதில்: இது எழுத்துருச் சிக்கல் அன்று, குறியேற்றச் சிக்கல், அதாவது எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாக வைக்கும் முறையில் உள்ள சிக்கல். அந்தக் காலத்தில் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டிய பலரின் கோப்புகள் திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் இருக்கின்றன. இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு உயிர்க்குறி. திஸ்கியிலோ கையால் எழுதும் வரிசை: கொம்பு, க, கால். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். அதைச் செய்யும் மாற்றி வேண்டும்.

கோப்பு எந்த வகை என்று கண்ணாலேயே ஓரளவு சொல்லலாம். தலையில் கோடும் புள்ளியும் சூடிய ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் திஸ்கி அல்லது டேப் என்ற இன்னொரு பழைய குறியேற்றம். வெறும் ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி என்றால் பாமினி எழுத்துரு வகை. விண்டோஸ் கணினியில் என்எச்எம் கன்வெர்ட்டர் இவற்றை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றும். ஒட்டியவுடன் மாற்றித் தரும் இணையப் பக்கங்களும் உண்டு. என்றாலும் அந்தரங்க நாட்குறிப்பை அங்கே ஒட்டுவது சரியல்ல.

ஒரு பக்கத்தை மாற்றியதும் கொ, கோ, பெ, பே, கை வரும் சொற்களைத் தேடிப் படியுங்கள். கொம்பு தனியே நின்றால் தவறான வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: எல்லாம் மாறியபின் 'ஔவை' என்று தேடினால் பாதிப் பதிவுகள் வரவில்லை.
*– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்*

பதில்: வராத பாதியில் 'ஒ' போட்டு அடுத்து 'ள' தட்டியிருப்பீர்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடி மாற்றும் வசதியில் 'ஒளவை' என்பதை 'ஔவை' என்று மாற்றுங்கள். 'ஒள' என்ற இரண்டெழுத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், 'ஒளி'யும் 'ஒளிந்தான்'உம் சிதைந்துவிடும்.

கேள்வி: கணினியில் இருக்கும் சில பதிவுகள் ஆண்டிராய்டு கைப்பேசிக்கு வர மறுக்கின்றன. தலைப்பு நீளமாக உள்ளவை மட்டும்.
*– வாசகர், ஆயர் ஈத்தாம்*

பதில்: ஆண்டிராய்டில் கோப்புப் பெயருக்கு வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'கோலாலம்பூர்' கண்ணுக்கு ஆறெழுத்து, உள்ளே 11 குறிகள், 33 பைட். அந்தக் கணக்கில் 45 எழுத்துத் தலைப்பே எல்லையைத் தொட்டுவிடும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால் அங்கே ஒன்றும் தெரியாது. தலைப்பை 25 எழுத்துக்குள் சுருக்கி, முழுத் தலைப்பைப் பதிவின் முதல் வரியில் போடுங்கள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி இரண்டையும் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றை விண்டோஸ் ஏற்காது.

கேள்வி: பழைய கணக்கை எப்போது மூடலாம்?
*– பலர்*

பதில்: இரு பக்கமும் பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போன பிறகு. அத்தோடு பத்துப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: முதல் பதிவு, கடைசிப் பதிவு, ஆக நீளமானது, படம் அதிகமுள்ளது, ஒலிப்பதிவு உள்ளது, விடியலில் எழுதியது, வெளிநாட்டில் எழுதியது, இன்னும் மூன்று ஏதாவது. ஏற்றுமதிக் கோப்பு ஒரு விரலியிலும் ஒரு வெளி வன்வட்டிலும் இருக்கட்டும். பிளே ஸ்டோரில் சந்தாவை நிறுத்தினால் பணம் மட்டும்தான் நிற்கும், நாட்குறிப்பு அவர்கள் வழங்கியிலேயே கிடக்கும். அதை அழிக்க, செயலியின் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்க வேண்டும்.