30 நிமிடக் குறிப்பு ஏன் ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். ஒரே சாப்பாடு அலுத்துவிட்டதால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் புதிதாக ஏதாவது செய்து பார்க்கிறேன். ‘30 நிமிடத்தில் தயார்’ என்று போட்ட குறிப்பாகத்தான் எடுக்கிறேன். ஆனால் சாப்பிட உட்காரும்போது மணி எட்டரை, ஒன்பது. பிள்ளைகளோ பாதி நாள் தொடுவதே இல்லை. என் கைக்கு வேகம் போதவில்லையா, எடுக்கிற குறிப்பு தவறா?

பதில்: உங்கள் கையைக் குறை சொல்ல மாட்டேன். குறிப்பில் போட்டிருக்கும் நேரம் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். பொருட்கள் பட்டியலில் ‘பொடியாக நறுக்கிய வெங்காயம் 2, தோல் சீவித் துண்டுகளாக்கிய உருளைக்கிழங்கு 4, வேகவைத்த கொண்டைக்கடலை 2 கப்’ என்று இருக்கும். நறுக்குவது, சீவுவது, வேகவைப்பது எல்லாம் உங்கள் வேலை. எழுதியவரின் கடிகாரம் அதற்குப் பிறகுதான் ஓடுகிறது. காய்ந்த கொண்டைக்கடலை 8 மணி நேரமாவது ஊறவேண்டும். அதை ஏழேகால் மணிக்குக் கவனித்தால் அன்றைக்கு அந்தக் குறிப்பு அவ்வளவுதான்.

அதனால் முதல் நாள் இரவே குறிப்பை ஒரு தடவை படித்துவிடுங்கள். பட்டியலில் இப்படி ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நறுக்கும், சீவும் வேலைக்கும் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் செய்முறையில் ஊற, ஆற, உறைய என்று காத்திருக்கச் சொல்லும் இடங்களைத் தேடுங்கள். ‘சூடேற்றிய ஓவனில் வைக்கவும்’ என்பதும் அதில் சேர்த்திதான். பல வீட்டு ஓவன்கள் 200 டிகிரிக்கு வர 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும்.

ஒரு குறிப்பை நம்பலாமா என்று பார்க்க நான் வெங்காயத்தைத்தான் முதலில் தேடுவேன். வெங்காயம் கண்ணாடிபோல் ஆக 5 முதல் 8 நிமிடம் போதும். பொன்னிறத்துக்கு 15, 20 நிமிடம் ஆகும். அடர்பழுப்பாகிக் குழைந்து இனிக்கவேண்டும் என்றால் 40 நிமிடத்துக்குக் குறையாது. வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நிறமும் மணமும் வேகமாக வர 140 டிகிரிவாக்கில் சூடு வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே இருக்கும். ‘10 நிமிடம் வதக்கி அடர்பழுப்பாக்கவும்’ என்று எழுதியவர் கடிகாரம் பார்த்துச் சமைக்கவில்லை. அவருடைய மற்ற கணக்குகளையும் நான் நம்பமாட்டேன்.

இறைச்சிக்கும் காளானுக்கும் இதே தண்ணீர்க் கணக்குதான். இரண்டு பேருக்கான அளவை நான்கு பேருக்காக்கி ஒரே வாணலியில் நெருக்கிப் போட்டால், விட்ட தண்ணீரிலேயே வெந்து வெளுத்துக் கிடக்கும். இரண்டு தடவையாகப் போட்டு எடுத்தால் சிவக்கும், நேரமும் அதிகமாகக் கூடிவிடாது. குழம்பாகக் கொதிக்கவிடும்போது மட்டும் தண்ணீரை அப்படியே இரட்டிப்பாக்காதீர்கள். ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. ஒன்றரை மடங்கில் தொடங்கி, தேவைப்பட்டால் ஊற்றிக்கொள்ளலாம்.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று புதுக் குறிப்பு என்றால், உங்களுக்கு ஒவ்வொரு இரவும் முதல் இரவுதான். அடுத்து என்ன போடுவது என்று ஈரக்கையோடு திரையைத் தடவிப் படிப்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும். அந்த 30 நிமிடம், அதே சமையலை ஐந்தாவது தடவையாகச் செய்கிறவருக்கான நேரம். எனவே புதிது வாரத்துக்கு ஒன்று போதும். அதையே பத்து நாளுக்குள் இன்னொரு தடவை செய்யுங்கள். பலரும் இந்த இரண்டாவது தடவையைத்தான் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது என்று குறிப்பின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது தடவையில் குறிப்பைப் பார்க்கவே தோன்றாது.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு குறிப்பில் ஒரு விஷயம் மட்டும் புதிதாக இருக்கட்டும். எப்போதும் செய்கிற கோழிக்குப் புதிய சாஸ் செய்யலாம், அல்லது பழகிய முறையிலேயே புதிய காயைச் சமைக்கலாம். பொருளும் புதிது, முறையும் புதிது என்றால் அது விடுமுறை நாளுக்கு. முதல் தடவை எழுதியிருக்கிறபடியே செய்யுங்கள். உப்பும் காரமும் மட்டும் உங்கள் நாக்குப்படி.

அளவுகளில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் குறிப்பில் ஒரு கப் ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பில் 250. அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. ஆனால் ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. சோயா சாஸ் மாதிரிப் பொருளில் இது நன்றாகவே தெரியும். கல்லுப்புக்குச் சொன்ன அளவில் தூளுப்பைப் போட்டாலும் கரித்துவிடும். ஓவனில் விசிறி இருந்தால் 20 டிகிரி குறைத்து வையுங்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் நேரம் மிச்சம் பிடிக்கக் கூடாது. கோழித் துண்டு எவ்வளவு தடிமன் என்று எழுதியவருக்குத் தெரியாது. அதனால் நிமிடத்தை நம்பாமல், வெப்பமானியைத் தடித்த பகுதியில் குத்தி 74 டிகிரி வருகிறதா என்று பாருங்கள். ஊறவைத்த சிவப்பு ராஜ்மாவை அப்படியே ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரம்) போடாதீர்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதலில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவேண்டும். இல்லையென்றால் அதிலுள்ள நச்சுப்பொருள் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும்.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கலந்து வைக்காதீர்கள். சாஸைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றாவது தட்டில் இருக்கட்டும். புதிய ருசி பிடிபடச் சில பிள்ளைகளுக்குப் பத்து தடவைக்கு மேல்கூட ஆகும். இரண்டாவது தடவை செய்யச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு செய்தும் ஏழரைக்கு அடுப்பு எரியவில்லை என்றால் குறிப்பை மூடிவிட்டு முட்டையை எடுங்கள். நறுக்கி வைத்ததெல்லாம் ஆம்லெட்டுக்குள் போகட்டும்.