நகரி மலைக் கல்லில் கறுப்புச் செடி உருவம்: உயிரா, தாதுவா?

வணக்கங்க. நகரி மலையடிவாரத்தில் எடுத்த குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருவான கடினப் பாறை) பலகையில் கறுப்பாகச் செடி மாதிரி படர்ந்திருப்பது பழங்கால நுண்ணுயிரின் தடயமா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தால் மாங்கனீசு ஆக்சைடு என்ற தாது என்றே தோன்றுகிறது. விரிசலில் ஊறிய நீர் விட்டுப்போன படிவு அது. ஓரத்தை உடைத்துப் பாருங்கள். கறுப்பு நிறம் உள்ளே போகாமல் விரிசலின் முகத்தோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் அந்தத் தாதுதான்.

நிஜமான தடயம் பார்க்க ஆசையிருந்தால் கடப்பா பக்கம் வேம்பள்ளி டோலமைட்டில் (சுண்ணாம்புக்கல் போன்ற பாறை) ஸ்ட்ரோமட்டோலைட் இருக்கிறது. நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து கல்லில் விட்டுப்போன அமைப்பு அது. மெல்லிய அடுக்குகள் குமிழ் குமிழாக மேல்நோக்கி வளர்ந்து, பல இடங்களில் உச்சியில் தடித்திருக்கும். ஆனாலும் வடிவத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். கிரீன்லாந்தின் 370 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்ட்ரோமட்டோலைட் கிடைத்ததாக 2016இல் அறிவித்தார்கள். பாறை நசுங்கியதால் வந்த வடிவம் என்று 2018இல் வேறொரு குழு மறுத்தது.

சரி, உடைத்த பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.